அப்பப்பாவின் தொப்பிச் சின்னம் எந்தக் காலத்தது?

யாழ்ப்பாணத்து வீட்டு றங்குப்பெட்டியில் அப்பப்பாவின் பித்தளைத் தொப்பிச் சின்னம் கிடைத்ததாகவும், அதன் காலம் என்ன என்றும் கேட்டிருக்கிறீர்கள். முதலில் ஒன்று: தயவுசெய்து புளி போட்டு மினுக்க வேண்டாம். பழைய கறுப்பும் நுண்ணிய கோடுகளும் போனால் பாதிச் சாட்சி போய்விடும்.

மேலேயுள்ள முடியை, அதாவது பிரித்தானியக் கிரீடத்தைப் பாருங்கள். வளைவுகள் கூடாரம்போல் ஒரே சீராக உயர்ந்து உருண்டிருந்தால் அது அரசர் முடி, 1901க்குப் பின், 1953க்கு முன். நடுவில் பள்ளம் விழுந்திருந்தால் எலிசபெத் காலம். விக்டோரியா காலத்து முடியிலும் நடுப்பள்ளம் உண்டு என்பதால் முடியை மட்டும் நம்பக்கூடாது.

சின்னத்தில் உள்ள எழுத்து, அதாவது படையின் பெயர், உதவும். இலங்கைப் பாதுகாப்புப் படை 1910 முதல் 1949 வரை இருந்தது. அதன்பின்தான் இலங்கை இராணுவம். 1972 மே 22இல் நாடு குடியரசானதும் சின்னங்களில் முடிக்கு இடமில்லாமல் போனது.

இனிப் பின்பக்கம். அச்சில் அடித்த தகட்டில் முன்புறத்து மேடு பின்னால் குழியாகத் தெரியும். பின்புறம் தட்டையாக, மணல் மணலாகச் சொரசொரத்தால் அச்சில் வார்த்த நகலோ என்று சந்தேகப்படுங்கள். தொப்பியில் செருகும் நீளத் தகடா, இரண்டு வளையங்களா என்பதும் தெரியும்படி இரு பக்கமும் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்துப் போடுங்கள்.