மூன்று பயிற்றிகள் முடித்தாள், மதிப்பெண் ஏறவில்லை

வாசகர் கேள்வி:

என் மகள் தமிழ்ப்பள்ளியில் படித்து, இடைநிலைப் பள்ளிக்கு முன் ஓராண்டுப் புகுமுக வகுப்பு முடித்து, இப்போது படிவம் 4-இல் இருக்கிறாள். மற்ற பாடங்களைச் சமாளிக்கிறாள். ஆங்கிலத்தில்தான் அரையாண்டுத் தேர்வில் தேர்ச்சி பெறவில்லை. இலக்கணப் பயிற்றிகள் (பயிற்சி நூல்கள்) மூன்று வாங்கிக் கொடுத்தேன், மூன்றையும் முடித்துவிட்டாள். மாதிரிக் கட்டுரைகளை மனப்பாடம் செய்கிறாள். ஆனாலும் மதிப்பெண் ஏறவில்லை. பட்டணத்தில் டியூஷனுக்கு அனுப்பலாம் என்றால், வகுப்பு முடியும் நேரத்தில் தோட்டத்துக்குத் திரும்ப பஸ் கிடையாது. கணவருக்குச் செம்பனைத் தோட்டத்தில் வேலை; எனக்குக் கையுறைத் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை. எங்கள் இருவருக்கும் ஆங்கிலம் தெரியாது. வீட்டில் தமிழ் பேசுவதை நிறுத்துங்கள், படிவம் 5-இல் எழுதும் எஸ்.பி.எம். அரசுத் தேர்வில் தமிழ்ப் பாடத்தையும் விட்டுவிடுங்கள், ஆங்கிலம் தானாக வரும் என்கிறார் உறவினர் ஒருவர். என்ன செய்வது?

– ஒரு தாய், சுங்கை சிப்புட், மலேசியா

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உறவினரின் யோசனையை முதலில் தள்ளிவைத்துவிடுவோம். ஆங்கிலம் தெரியாத தாயும் தகப்பனும் தமிழ் பேசுவதை நிறுத்தினால் அந்த வீட்டில் ஆங்கிலம் குடியேறாது, பேச்சே குறைந்துபோகும். எஸ்.பி.எம். தமிழ்ப் பாடத்தையும் விட வேண்டாம். தமிழுக்குச் செலவாகும் நேரம் மிச்சப்பட்டு நேராக ஆங்கிலத்துக்குப் போய்ச் சேரும் என்று நினைப்பவர் பதினேழு வயதுப் பிள்ளையோடு ஒரே வீட்டில் இருந்ததில்லை போலும். அந்த நேரம் கைப்பேசிக்குத்தான் போகும். அது மட்டுமல்ல, உங்கள் மகளிடம் இருக்கும் தமிழ் இந்த ஆங்கிலத் தேர்வுக்கே கைகொடுக்கும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

பயிற்றிகளுக்கு வருவோம். மூன்றையும் முடித்தும் மதிப்பெண் ஏறவில்லை என்றால், பிள்ளை உழைக்கவில்லை என்று பொருள் இல்லை. தேர்வு கேட்காத இடத்தில் உழைத்திருக்கிறாள். 2021-ஆம் ஆண்டு எஸ்.பி.எம். முதல் ஆங்கிலம் நான்கு தாள்களாக நடக்கிறது: வாசிப்பு, எழுத்து, பேச்சு, கேட்டல். வாசிப்புத் தாளில் ஒன்றரை மணி நேரத்துக்கு 40 கேள்விகள். முதல் 8 கேள்விகள் அறிவிப்பு, விளம்பரம், குறுஞ்செய்தி போன்ற சிறு பகுதிகளிலிருந்து வரும். அடுத்து, பத்து இடங்களில் சொல் விடுபட்ட ஒரு பனுவல். ஒவ்வோர் இடத்துக்கும் நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிறகு நீண்ட பகுதி ஒன்றும் அதற்கு 8 கேள்விகளும். அதன்பின் ஆறு வாக்கியங்கள் உருவி எடுக்கப்பட்ட ஒரு கட்டுரை. கீழே எட்டு வாக்கியங்கள் இருக்கும். எது எங்கே பொருந்தும் என்று கண்டுபிடிக்க வேண்டும். அதில் இரண்டு, ஏமாற்றுவதற்காகவே சேர்க்கப்பட்டவை. கடைசி எட்டில் பாதி, எந்தத் தகவல் எந்தப் பகுதியில் இருக்கிறது என்று பொருத்துவது. மீதி, பகுதியிலிருந்தே ஒரு சொல்லை எடுத்து எழுதுவது.

இதில் இலக்கணத்தை நேராகத் தொடுவது அந்தப் பத்து இடங்கள்தாம். அவற்றிலும் எல்லாமே இலக்கணம் இல்லை. மற்ற முப்பதும் படித்தது புரிந்ததா என்று கேட்பவை. தமிழ்ப்பள்ளியில் அவள் ஆறு ஆண்டுகள் செய்த அதே கருத்துணர்தல். பயிற்றியோ பக்கத்துக்கு ஒரு விதி என்று போகும். 'இறந்தகாலம்' என்று தலைப்புப் போட்ட பக்கத்தில் இருபது இடங்களையும் இறந்தகாலத்தால் நிரப்ப வாக்கியத்தைப் படிக்க வேண்டிய அவசியமே இல்லை. பிள்ளை எல்லாவற்றுக்கும் சரி வாங்கியிருப்பாள். தேர்வுத்தாளில் அந்தத் தலைப்பு இருக்காது.

இலக்கணம் தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. அதை அவளுடைய சொந்த வாக்கியங்களிலிருந்து தொடங்க வேண்டும் என்கிறேன். ஆசிரியர் சிவப்பு மையில் திருத்திக் கொடுத்த கட்டுரைகள் வீட்டில் எங்காவது கிடக்கும். அவற்றை எடுத்து, திருத்தங்களை வகை பிரித்து ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். தோட்டப்புறப் பிள்ளைகளின் ஆங்கிலக் கட்டுரைகளை நெடுங்காலம் திருத்தியவன் நான். அந்த நோட்டில் என்ன இருக்கும் என்று பார்க்காமலே கொஞ்சம் சொல்ல முடியும்.

'இஸ்', 'வாஸ்' விடுபட்டிருக்கும். தமிழில் 'அவர் ஆசிரியர்' என்றாலே வாக்கியம் முடிந்துவிடுகிறது, மலாயிலும் அப்படித்தான். ஆங்கிலம் மட்டும் நடுவில் ஒரு வினைச்சொல் இல்லாமல் நகராது. 'எ', 'தி' இரண்டும் தாறுமாறாக இருக்கும். இதற்கும் காரணம் அவளுடைய மற்ற இரண்டு மொழிகளிலும் அவை இல்லாததுதான். இது மெல்லத்தான் சரியாகும், அவசரப்படுத்த வேண்டாம்.

அடுத்த வகைதான் எனக்கு ஆற்றாமை தருவது. 'ஷி கோ டு ஸ்கூல்' என்று எழுதுவார்கள். 'கோஸ்' என்று வர வேண்டும். நேற்று நடந்ததையும் நிகழ்காலத்தில் எழுதுவார்கள். வருகிறான், வருகிறாள், வருகிறார்கள் என்று ஆளுக்கு ஆள் வினைமுடிவை மாற்றும் மொழி நம்முடையது. அந்த மொழியில் வளர்ந்த பிள்ளைக்கு ஆங்கிலம் கேட்கும் ஒரே ஓர் 'எஸ்' பெரிய காரியமா? மலாய் வினைச்சொல் ஆளுக்கும் காலத்துக்கும் மாறுவதில்லை. இடைநிலைப் பள்ளியில் நாள் முழுவதும் மலாயில் படிப்பதால் அந்தப் பழக்கம் ஆங்கிலத்துக்குள்ளும் வந்துவிடுகிறது. 'நேற்று நான் கடைக்குப் போகிறேன்' என்று தமிழில் எழுதுவாயா என்று அவளிடம் கேளுங்கள். சிரிப்பாள். ஆங்கிலத்தில் எழுதிய வாக்கியத்தையும் அந்தக் காதோடு ஒருமுறை கேட்கச் சொல்லுங்கள். தமிழ் கைகொடுக்கும் என்று மேலே சொன்னதில் ஒரு பாதி இது.

மலாயிலிருந்து நேராக வந்து விழுபவையும் உண்டு. அம்மாவோடு சந்தைக்குப் போனதை 'ஐ ஃபாலோ மை மதர்' என்பது, விளக்கைப் போடுவதை 'ஓபன் தி லைட்' என்பது, அப்பா மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விட்டதை 'செண்ட்' என்பது. பேச்சில் நாடே இப்படித்தான் பேசுகிறது. எழுத்துத் தாளில் இதற்கு இடமில்லை. எழுத்துக்கூட்டலிலும் கவனம் வேண்டும். 'போலிஸ்' மலாயில் 'எஸ்' எழுத்தோடு முடியும், ஆங்கிலத்தில் 'சி', 'இ' என்று முடியும். 'யூனிவர்சிட்டி' மலாயில் 'ஐ' எழுத்தில் முடியும், ஆங்கிலத்தில் 'ஒய்'. இப்படி இரு மொழிக்கும் பொதுவான சொற்களுக்கென்று நோட்டில் தனிப் பக்கம் ஒதுக்கலாம்.

வகை பிரித்த பிறகு, ஒரு வாரத்துக்கு ஒரு வகை மட்டும். இந்த வாரம் 'இஸ்', 'வாஸ்' என்றால், எழுதி முடித்த ஒவ்வொரு பத்தியையும் அதற்காக மட்டும் மறுபடி படிக்கட்டும். மற்ற பிழைகளை அந்த வாரம் விட்டுவிடலாம். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் திருத்தப் போகும் பிள்ளை ஒன்றையும் திருத்துவதில்லை.

சொல்வளத்துக்கு ஒரே ஒரு வழக்கம் போதும்: தனிச்சொல்லை எழுதாதே, அது வந்த சேர்க்கையோடு எழுது. தமிழ்ப்பள்ளியில் மரபுத்தொடர் படித்த பிள்ளைக்கு இது புதிதல்ல. 'கரைத்துக் குடித்தான்' என்பதை 'கரைத்து அருந்தினான்' என்று எழுதினால் அவளுக்கே உறுத்தும். ஆங்கிலத்திலும் மழை 'ஹெவி'யாகத்தான் பெய்யும், 'பிக்' ஆகப் பெய்யாது. முடிவை 'மேக்' செய்வார்கள், வீட்டுப்பாடத்தை 'டூ' செய்வார்கள். 'இன்ட்ரஸ்டெட்' என்றால் பின்னால் 'இன்', 'டிபெண்ட்' என்றால் 'ஆன்'. 'டிஸ்கஸ்' என்ற சொல்லுக்குப் பின்னால் 'அபௌட்' வரவே கூடாது. மேடையில் பேசும் பெரிய மனிதர்களே அதைச் சேர்த்துவிடுகிறார்கள் என்பது வேறு விஷயம். அந்தப் பத்து இடங்களில் இத்தகைய சேர்க்கைகள் நிறைய வரும். அகராதியிலிருந்து நாளுக்கு இருபது சொல் மனப்பாடம் செய்பவர்கள் அங்கேதான் தடுமாறுகிறார்கள்.

ஆங்கிலம் தெரியாத நீங்கள் இதில் என்ன செய்ய முடியும் என்று நேராகக் கேட்கவில்லை. ஆனால் கடிதம் முழுவதும் அந்தக் கவலைதான் தெரிகிறது. வாசிப்புத் தாளுக்கு நீங்கள் செய்யக்கூடிய உதவியை டியூஷன் ஆசிரியர்கூடச் செய்ய மாட்டார். தினமும் ஒரு சிறு ஆங்கிலச் செய்தியை அவள் படிக்கட்டும். படித்ததை உங்களிடம் தமிழில் சொல்லட்டும். நீங்கள் கேள்வி மட்டும் கேளுங்கள். யார்? எங்கே? ஏன் அப்படி நடந்தது? அதற்கு முன்னால் என்ன நடந்தது? 'ஏதோ வெள்ளத்தைப் பற்றி' என்று மழுப்பினால் விடாதீர்கள். 'அது எந்த வரியில் இருக்கிறது, விரல் வைத்துக் காட்டு' என்று கேளுங்கள். அந்த வரியைத் தேடிப் போகும்போதுதான் உண்மையான வாசிப்பு நடக்கிறது. தேர்வில் கேட்பதும் இதையேதான். கதை உங்களுக்குக் கோவையாகப் புரிந்தால் அவளுக்கும் புரிந்திருக்கிறது. நடுவில் ஓட்டை விழுந்தால், அங்கே ஒரு வாக்கியத்தைத் தாண்டிக் குதித்திருக்கிறாள் என்று பொருள். இதைக் கண்டுபிடிக்க ஆங்கிலம் தேவையில்லை. நல்ல தமிழ் போதும். மேலே சொன்னதன் மறுபாதி இது.

செய்தி எங்கே கிடைக்கும்? தேசியச் செய்தி நிறுவனமான பெர்னாமாவின் இணையத்தளத்தில் ஆங்கிலமும் உண்டு, தமிழும் உண்டு. முதல் சில வாரங்களுக்கு ஒரு செய்தியைத் தமிழில் படித்துவிட்டு, அதே நிகழ்வை ஆங்கிலத்தில் தேடிப் படிக்கலாம். விஷயம் முன்பே தெரிந்திருப்பதால் தெரியாத சொல்லின் பொருளை அவளே ஊகிப்பாள். பழகிய பிறகு ஆங்கிலம் முதலில், தமிழ் சரிபார்க்க மட்டும். வெள்ளம், விபத்து, பூப்பந்து, செம்பனை விலை என்று அவள் வாழ்க்கைக்குப் பக்கத்தில் இருப்பவற்றை எடுங்கள். திறப்பு விழாக்களில் அமைச்சர்கள் பேசியதை விட்டுவிடுங்கள். வாக்கியம் நீளம், சரக்கு குறைவு. முதல் தடவை படிக்கும்போது அகராதியைத் தொடக் கூடாது. இரண்டாம் தடவையும் புரியாமல் வழியை மறிக்கும் மூன்று நான்கு சொற்களை மட்டும் பார்க்கலாம். உங்களுக்கு இரவு ஷிப்டு விழும் வாரத்தில், சொல்ல வேண்டியதை வாட்ஸ்அப்பில் குரலாகப் பதிந்து அனுப்பட்டும். இடைவேளையில் கேட்டுவிட்டு ஒரு கேள்வி திருப்பி அனுப்புங்கள்.

மாதிரிக் கட்டுரை மனப்பாடத்தை இன்றே நிறுத்தலாம். எழுத்துத் தாளில் மூன்று பகுதிகள்: ஏறக்குறைய 80 சொற்களில் ஒரு மின்னஞ்சல், 125 முதல் 150 சொற்களில் குறிப்புகளைக் கொண்டு எழுதும் கட்டுரை, 200 முதல் 250 சொற்களில் நீண்ட எழுத்து. மூன்றுக்கும் தலா 20 மதிப்பெண். பிள்ளைகள் இதைக் கவனிப்பதில்லை. 80 சொல் மின்னஞ்சலை அவசரமாகக் கிறுக்கிவிட்டு, மனப்பாடம் செய்த கதையை நீண்ட பகுதியில் கொட்டத் துடிக்கிறார்கள். ஆற்றில் விழுந்த நண்பனைக் காப்பாற்றிய கதையை எத்தனை தலைப்புகளின் கீழ் படித்திருக்கிறேன் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். கேட்டதற்குப் பதில் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார்கள். மின்னஞ்சல் கேள்வியில் நண்பர் இரண்டு மூன்று விஷயங்களைக் கேட்டிருப்பார். ஒவ்வொன்றின் கீழும் கோடிட்டு, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாக்கியம் எழுதப் பழகினாலே மதிப்பெண் நகரும். வாரத்துக்கு இரண்டு மின்னஞ்சல், ஒரு நடுத்தரக் கட்டுரை போதும். பிழை நோட்டின் அந்த வார வகையை இவற்றில்தான் தேட வேண்டும்.

கேட்டல் தாளுக்கு ஆர்.டி.எம்.மின் ஆங்கில வானொலியான டிராக்ஸ் எஃப்.எம். செய்தியைத் தினமும் கேட்டால் காது பழகும். பேச்சுத் தாளுக்கு மட்டும் துணை வேண்டும். அதில் மாணவர்கள் இணையாக உட்கார்ந்து, தனித்தனியாகவும் ஒருவரோடு ஒருவரும் பேச வேண்டும். தனியாகக் கண்ணாடி முன் நின்று பேசுவது இதற்கு உதவாது, எதிரே இருப்பவர் சொன்னதைக் கேட்டுப் பதில் சொல்லப் பழக்காது. தோட்டத்தில் அவள் வயதில் இன்னொரு பிள்ளை இருந்தால் சனிக்கிழமை அரை மணி நேரம் இருவரும் பேசட்டும். பிழை வந்தால் யாரும் குறுக்கே விழ வேண்டாம்.

டியூஷன் வேண்டாம் என்பது என் எண்ணம், பஸ் இருந்தாலும்கூட. அந்தப் பணத்தில் ஒரு பகுதியை எடுத்து, பள்ளி மாணவர்களுக்கான நல்ல ஆங்கில–ஆங்கில அகராதி ஒன்று வாங்குங்கள்; ஒவ்வொரு சொல்லுக்கும் எடுத்துக்காட்டு வாக்கியம் இருக்கிறதா என்று கடையிலேயே புரட்டிப் பார்த்து வாங்க வேண்டும். நான்காவது இலக்கணப் பயிற்றி வேண்டாம். புதிய அமைப்பில் வந்த பழைய கேள்வித்தாள்கள் ஆங்கில ஆசிரியரிடம் இருக்கும். மகளையே போய்க் கேட்கச் சொல்லுங்கள், கையில் அந்தப் பிழை நோட்டையும் எடுத்துக்கொண்டு.