தாயில்லாத எக்கிட்னாக் குட்டிக்கு நாள்தோறும் பால் வேண்டாமா?

கேள்வி: என் மகன் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் வசிக்கிறான். காட்டு விலங்குகளைப் பராமரிக்க முறையான அனுமதி பெற்ற என் மருமகள், நாய் தோண்டி வெளியே இழுத்துப் போட்ட எக்கிட்னாக் குட்டி ஒன்றை இப்போது வளர்த்து வருகிறாள். இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறைதான் அதற்குப் பால் கொடுக்கிறாள். மற்ற நேரமெல்லாம் அதை இருட்டுப் பெட்டிக்குள் வைத்துவிடுகிறாள். தூக்கிக் கொஞ்சுவதும் இல்லை. தோட்டத்தில் தாயில்லா ஆட்டுக்குட்டிகளுக்குப் புட்டிப்பால் கொடுத்து வளர்த்த எனக்கு மனம் கேட்கவில்லை. அவள் செய்வது சரிதானா?
— வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: உங்கள் மருமகள் செய்வது சரியே. அந்தக் குட்டியைப் பெற்ற தாயும் ஏறத்தாழ அப்படித்தான் செய்திருக்கும்.

எக்கிட்னா உடலில் முட்கள் கொண்ட, முட்டையிட்டுப் பாலூட்டும் விலங்கு. தாய் தன் வயிற்றுப் பையில் ஒரே ஒரு முட்டையை இடுகிறது. சுமார் பத்து நாளில், அரை கிராம் எடைகூட இல்லாத, கண் திறக்காத, முடியில்லாத குட்டி வெளிவருகிறது. ஏழெட்டு வாரம் பைக்குள்ளேயே வளரும் குட்டிக்கு முட்கள் முளைக்கத் தொடங்கியதும், தாய் அதை ஒரு வளைக்குள் விட்டு, வாயிலை மண்ணால் அடைத்துவிட்டு இரை தேடப் போய்விடும். சில நாள்களுக்கு ஒருமுறை, பெரும்பாலும் ஐந்து நாளுக்கு ஒருமுறை, திரும்பி வந்து பாலூட்டும். குட்டி ஒரே வேளையில் தன் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் அதிகமான பாலைக் குடித்துவிட்டு, அடுத்த முறை தாய் வரும்வரை இருட்டில் அசையாமல் உறங்கும். அந்த நீண்ட உறக்கத்தில்தான் அது செரித்து வளர்கிறது. ஆகவே இடைவெளியைப் பட்டினி என்று எண்ண வேண்டாம். குட்டியின் வயதையும் எடையையும் பொறுத்து அந்த இடைவெளி கூடும், குறையும். அதைக் கணித்துச் சொல்ல விலங்கு மருத்துவரும் அனுபவம் உள்ள பராமரிப்பாளரும் அங்கே இருக்கிறார்கள்.

ஆட்டுக்குட்டிக்குப் பொருந்திய வேறு சிலவும் இதற்குப் பொருந்தா. எக்கிட்னாத் தாய்க்கு முலைக்காம்பு கிடையாது. தோலில் உள்ள இரண்டு திட்டுகளில் பால் கசியும், குட்டி அதில் மூக்கை அழுத்திக் குடிக்கும். அதனால்தான் வளர்ப்பவர்கள் புட்டியை விட்டுவிட்டு, உள்ளங்கையிலோ ஆழமில்லாத தட்டிலோ பாலை ஊற்றிக் காத்திருக்கிறார்கள். வாயைத் திறந்து ஊற்றினால் பால் நுரையீரலுக்குள் போய்விடக்கூடும். எக்கிட்னாவின் பாலில் லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை மிகக் குறைவு. மாட்டுப்பாலோ நம் வீட்டு டின் பாலோ கொடுத்தால் வயிற்றுப்போக்கு ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம். இதற்கென்றே தயாரிக்கப்படும் பால்மாவு ஆஸ்திரேலியாவில் கிடைக்கிறது.

சூட்டைப் பற்றியும் எச்சரிக்கை வேண்டும். எக்கிட்னாவின் உடல் வெப்பம் சுமார் 32 பாகைதான். நம்மைவிட ஐந்து பாகை குறைவு. அதற்கு வியர்க்கவும் வியர்க்காது. குளிர்கிறதே என்று இரக்கப்பட்டு வெந்நீர்ப் புட்டியை அணைத்து வைத்தால் அந்த இரக்கமே அதைக் கொன்றுவிடக்கூடும்.

கொஞ்சாமல் இருப்பதுதான் உங்களுக்கு மிகவும் உறுத்துகிறது என்று உணர்கிறேன். ஆட்டுக்குட்டி நம்மோடு வாழ வளர்ந்தது. இந்தக் குட்டியோ நம்மைவிட்டுப் போவதற்காக வளர்கிறது. மனிதர் கையையும் நாயின் வாசனையையும் பழகிய எக்கிட்னா, விடுவித்த பிறகு அவற்றைக் கண்டு மண்ணுக்குள் புதைந்துகொள்ளத் தவறும். ஏறத்தாழ ஆறு ஏழு மாத வயதில் பால் மறந்து, உளுத்த மரத்தையும் புற்றையும் தானே கிளறிக் கறையானும் எறும்பும் தின்னக் கற்றுக்கொண்டு, போதிய எடையும் கூடிய பிறகு, கிடைத்த இடத்துக்கு அருகிலேயே, சாலையும் நாய்த் தொல்லையும் இல்லாத பகுதியில் அதை விடுவிப்பார்கள். அந்த நாளை மனத்தில் வைத்துத்தான் உங்கள் மருமகள் தன் கையை அடக்கிக்கொள்கிறார். அது அன்பில்லாத செயல் அன்று. அன்பின் மிகக் கடினமான வடிவம் என்றே நான் கருதுகிறேன். அடுத்த முறை பேசும்போது அதை அவரிடம் சொல்லுங்கள். தூரத்தில் இருக்கும் மருமகளுக்கு மாமியாரின் அந்தச் சொல் பெரிய பலம்.

கேள்வி: எங்கள் செம்பனைத் தோட்டத்தில் எறும்புத்தின்னிக் குட்டி கிடைத்தால் நாமும் இப்படி வளர்த்து விடலாமா?
— அதே வாசகி

பதில்: கூடாது. எறும்புத்தின்னியும் எறும்பு தின்பதுதான். ஆனால் எக்கிட்னாவோடு அதற்கு நெருங்கிய உறவு இல்லை. அது குட்டி போடும் விலங்கு. குட்டி தாயின் வால்மேல் தொற்றிக்கொண்டு திரியும். சிறைப்பட்டால் உணவை மறுத்து மெலிந்து இறந்துவிடும் இயல்பு அதற்கு உண்டு. அனுபவம் உள்ளவர்களே அதைக் காப்பாற்றத் திணறுகிறார்கள். மேலும், மலேசியாவின் 2010 ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது முழுப் பாதுகாப்பு பெற்ற விலங்கு. நல்லெண்ணத்தோடு வைத்திருந்தாலும் குற்றமாகும். குட்டியைக் கண்டால் நாய்களைக் கட்டிப்போட்டு, ஆட்களை விலக்கிவிட்டு, தாய் அருகில் இருக்கிறதா என்று தொலைவிலிருந்து கவனியுங்கள். தாய் இறந்து கிடந்தாலோ குட்டி காயப்பட்டிருந்தாலோ, காற்றோட்டமுள்ள பெட்டியில் இருட்டாக வைத்து, பாலோ தண்ணீரோ புகட்டாமல், உடனே வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தான் அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள்.