மர்மக் கதையின் முதல் பக்கம்: கேள்வி பதில்

கேள்வி: மர்மக் கதை எப்படித் தொடங்குகிறது என்று ஐந்தாம் வகுப்புக்குச் சொல்லித்தர வேண்டும், சார். எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?

பதில்: விளக்கத்தில் ஆரம்பிக்காதீர்கள். ஒரு கதையின் முதல் 150 சொற்களை வாசித்துக்காட்டி, புத்தகத்தை மூடிவிடுங்கள். நோட்டில் நடுக்கோடு போட்டு, இடப்பக்கம் ‘கதை சொன்னது’, வலப்பக்கம் ‘நான் ஊகித்தது’ என்று எழுதச் சொல்லுங்கள். ஐந்து நிமிடம் கழித்து அதே பகுதியை மறுபடி வாசியுங்கள். முதல் தடவை பிள்ளைகள் சம்பவத்தைத்தான் கேட்பார்கள். மணி என்ன, யார் எங்கே நின்றார்கள் என்பதெல்லாம் இரண்டாம் தடவைதான் காதில் விழும். ‘கதவு திறந்திருந்தது’ தகவல், ‘திருடன் வந்தான்’ ஊகம். இரண்டையும் குழப்பி எழுதுவார்கள். அடித்துவிடாமல் வலப்பக்கம் மாற்றி எழுதச் சொல்லுங்கள். பின்னால் அந்த ஊகங்கள் தேவைப்படும்.

கேள்வி: என் மகன் எந்தக் கதையையும் நள்ளிரவு, இடி, ‘ஐயோ!’ என்ற அலறலோடுதான் தொடங்குகிறான். எப்படி மாற்றுவது?

பதில்: பயம் வேறு, மர்மம் வேறு. அலறல் கேட்டால் திடுக்கிடுவோம். யோசிக்க அதில் ஒன்றும் இல்லை. மர்மத்துக்கு முதலில் வழக்கம் தெரிய வேண்டும், பிறகு அது பிசக வேண்டும். ‘பால்கார அண்ணன் தினமும் ஆறு மணிக்குப் பெல் அடிப்பார். இன்றும் பெல் கேட்டது. வாசலில் சைக்கிள் மட்டும் நின்றது.’ பட்டப்பகலில் நடக்கிற கதைதான் எழுத வேண்டும் என்று நிபந்தனை போட்டுப் பாருங்கள், இடியும் மின்னலும் தானாகப் போய்விடும்.

கேள்வி: கொலையே இல்லாமல் சுவாரசியம் வருமா?

பதில்: ஆர்தர் கோனன் டாயில் 1891இல் வெளியிட்ட செந்தலையர் சங்கக் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். அடகுக்கடைக்காரர் ஒருவர் துப்பறிவாளர் ஷெர்லாக் ஹோம்ஸிடம் வருகிறார். தலைமுடி சிவப்பு என்பதற்காகவே அந்தச் சங்கத்தில் அவருக்கு ஒரு வேலை: பத்து மணியிலிருந்து இரண்டு மணிவரை அறையை விட்டு நகராமல் கலைக்களஞ்சியத்தைப் பார்த்து எழுத வேண்டும், வாரம் 4 பவுண்டு. திடீரென்று சங்கமே கலைந்துவிட்டது. பிணம் இல்லை, களவுபோன நகை இல்லை. ‘இதற்குப் போய் யார் காசு கொடுப்பார்கள்?’ என்ற கேள்வி ஒன்றுதான். பேச்சுவாக்கில் அவர் இன்னொன்றும் சொல்கிறார்: கடை உதவியாள் பாதிச் சம்பளத்துக்கே வந்தவன், போட்டோ கழுவ அடிக்கடி நிலவறைக்குள் போய்விடுவான். முடிச்சு அங்கேதான் இருக்கிறது. நாமோ சிவப்பு முடியை வேடிக்கை பார்த்துக்கொண்டிருப்போம். வகுப்பில் இந்த இடத்தில் நிறுத்தி, ‘கடைக்காரர் வெளியே இருந்தால் யாருக்கு லாபம்?’ என்று கேளுங்கள்.

கேள்வி: துப்பை ஒளித்து வை என்றால், அப்பட்டமாக எழுதுகிறார்கள், இல்லாவிட்டால் எழுதுவதே இல்லை, சார்.

பதில்: மூன்று பொருள்களைச் சேர்த்துச் சொல்லி, துப்பை நடுவில் வையுங்கள்: ‘மேசையில் பேனா, ஈரக் குடை, பழைய நாளிதழ்.’ அன்று ஊரில் மழையே இல்லை என்பது நாலைந்து வரி தள்ளி வரட்டும். குடையைக் கடைசியில் வைத்தால் கண்ணில் குத்தும்.

கேள்வி: எத்தனை பாத்திரங்கள்?

பதில்: துப்பறிபவரையும் சேர்த்து நான்கு. கவின், கவிதா, கலா என்று ஒரே எழுத்தில் பெயர் வைக்க விடாதீர்கள். குற்றவாளி தொடக்கத்திலேயே தலைகாட்டிவிட வேண்டும். கடைசியில் முளைத்தால் பிள்ளைகளே ‘போங்காட்டம்’ என்பார்கள்.

கேள்வி: தொடக்கம் அருமையாக வருகிறது, பாதியில் நின்றுவிடுகிறது. ஏன்?

பதில்: விடை தெரியாமல் எழுதத் தொடங்குவதால். யார் செய்தது, ஏன், எதனால் மாட்டினார் என்று மூன்று வரி துண்டுச்சீட்டில் எழுதி உங்களிடம் தரட்டும். சீட்டு கைக்கு வந்த பிறகு முதல் பக்கத்தைத் தொடங்கச் சொல்லுங்கள்.