சமீபத்துல வந்த தமிழ்ப் படங்கள்ல யாரோட நடிப்பு உங்க மனசுல நிக்குது? பெரிய ஹீரோ படங்கள் இன்னும் உங்களுக்குப் புடிக்குதா?

நேரா சொல்லிடுறேன், மெய்யழகன்ல அர்விந்த் சாமி. அடுத்தது லப்பர் பந்துல அட்டக்கத்தி தினேஷ். ரெண்டுமே 2024 செப்டம்பர்ல ஒரு வார இடைவெளியில வந்த படம், அதுக்கப்பறம் எத்தனையோ வந்துடுச்சு, அமரன் வந்துச்சு, தக் லைஃப் வந்துச்சு, கூலி வந்துச்சு, ஆனா இந்த ரெண்டு பேரும் மனச விட்டு போக மாட்டேங்குறாங்க. பெரிய ஹீரோங்கள பத்தியும் கேட்டிருக்கீங்க, அதுக்கும் வரேன்.

நான் இருக்கறது மலேசியாவுல சுங்கை சிப்புட், பேராக் மாநிலம். சுத்தி ஒரு காலத்துல எல்லாம் ரப்பர் தோட்டம், இப்ப எண்ணெய் எடுக்கற செம்பனையும், தாமான்னு சொல்ற குடியிருப்பு வீடுங களும்தான். தியேட்டர்ல பாக்கணும்னா நாங்க ஈப்போவுக்குதான் போவோம், 30 கிலோமீட்டர் கிட்ட வரும், நான், எங்கம்மா, அண்ணன், அண்ணி, அண்ணன் புள்ளைங்கன்னு ஒரு காடி நெறைய போறதுதான் வழக்கம். போற காசுக்கு படம் நல்லா இருக்கணும்ல, அதனால எங்க வீட்டுல சினிமாவ பத்தி பேச்சு கொஞ்சம் சூடாவே இருக்கும்.

எங்கம்மா தோட்டத்துல பால் மரம் வெட்டுனவங்க, அதாவது ரப்பர் மரத்துல பால் எடுத்தவங்க. அவங்க சின்ன வயசுல தோட்டத்து திடல்ல ரெண்டு கம்பம் நட்டு வெள்ளத்துணி கட்டி படம் போடுவாங்களாம், லயத்து ஆளுங்கல்லாம், அதான் தோட்டத்து வரிசை வீட்டுல இருந்தவங்க, பாய சுருட்டிக்கிட்டு வெளிச்சம் இருக்கும்போதே போயி எடம் புடிச்சிருப்பாங்களாம், முன்னாடி எடம் கெடைக்காதவங்க துணிக்குப் பின்னால போயி உக்காந்துக்குவாங்க, அங்கேருந்து பாத்தா வலது எடதா மாறி தெரியும், டைட்டில் எழுத்தெல்லாம் திரும்பி கெடக்கும். மெஷின் சத்தத்துல வசனம் பாதி காதுல விழாது. அதனாலயோ என்னவோ அம்மா இன்னிக்கும் வசனத்த வெச்சு ஒரு நடிகர எடை போட மாட்டாங்க. மத்தவன் பேசறப்ப இவன் சும்மா நிக்கறானா, கேக்கறானான்னுதான் பாப்பாங்க. நானும் அப்படியே பாத்துப் பழகிட்டேன், அதுக்கப்பறம் எனக்கு புடிக்கிற நடிகர்களே மாறிட்டாங்க.

அந்தக் கண்ணுல பாத்தா மெய்யழகன்ல அர்விந்த் சாமிய மிஞ்ச ஆளே இல்ல. கதை தெரியாதவங்களுக்கு சுருக்கமா சொல்றேன். தஞ்சாவூர்ல 1996ல சொந்தக்காரங்களாலயே வீட்ட இழந்துட்டு ஒரு குடும்பம் மெட்ராஸ் போயிடுது, 22 வருஷம் கழிச்சு அந்த வீட்டுப் பையன் ஒரு தங்கச்சி கல்யாணத்துக்கு நீடாமங்கலம் வரான், வந்த எடத்துல கார்த்தி அத்தான் அத்தான்னு ஒட்டிக்கிறாரு, இவருக்கு அவரு யாருன்னே ஞாபகம் வரல, பேரு கூட தெரியாது. படம் பூரா கார்த்திதான் பேசுவாரு. அர்விந்த் சாமி கேப்பாரு. அந்த கேக்கறதுல எத்தன விதம் வெச்சிருக்காரு பாருங்க, மொதல்ல எப்படா கழட்டி விடலாம்னு ஒரு சிரிப்பு, அப்பறம் பேரு தெரியலையேன்னு ஒரு கூச்சம், அப்பறம் இவ்ளோ அன்ப நாம எப்படி மறந்தோம்னு தன் மேலயே ஒரு வெறுப்பு, எல்லாம் வசனம் இல்லாம. கல்யாண மேடையில தங்கச்சிக்கு நகை குடுக்கற காட்சியில தியேட்டர்ல ஒரு சத்தம் இல்ல, எங்கண்ணன் மாதிரி ஆளே கண்ணாடிய கழட்டி தொடச்சிக்கிட்டாரு.

கார்த்தியையும் குறைச்சு சொல்ல முடியாது, அவ்ளோ பேசற ஒரு கேரக்டர வேற யார் பண்ணியிருந்தாலும் எரிச்சல் வந்திருக்கும். இவரு பேசறப்ப நமக்கே இப்படி ஒரு அத்த மகன் இருந்திருக்கக் கூடாதான்னு தோணுது. ஆனா ஒண்ணு எனக்கு ரொம்ப வருத்தம், படம் வந்த கொஞ்ச நாள்லயே நீளமா இருக்குன்னு சொல்லி 18 நிமிஷம் கிட்ட வெட்டிட்டாங்க. ராத்திரி பூரா உக்காந்து பேசற படம் அது, அந்த மெதுவுதான் அதோட உயிரு, டைரக்டர் பிரேம்குமார் அப்படித்தான் எழுதியிருக்காரு, அதுல போயி கத்தரி வெச்சா எப்படி.

எங்கம்மாவுக்கு அந்த படம் வேற மாதிரி பட்டுச்சு. தோட்டம் வித்துட்டாங்கன்னு சொன்னப்ப லயத்துல இருந்த எல்லாருமே ஆளுக்கு ஒரு திசையில பிரிஞ்சு போனவங்கதான், இந்தப் பக்கம் எந்த தாமான்ல கேட்டாலும் இதே கதைதான் சொல்லுவாங்க. கோயில் மட்டும் செம்பனைக்கு நடுவுல நிக்கும், திருவிழாவுக்கு மட்டும் போவோம். அங்க யாராச்சும் கைய புடிச்சிக்கிட்டு, என்ன தெரியலையா, நான் இன்னார் மகன்னு கேப்பாங்க, நாமளும் சிரிச்சிக்கிட்டே முழிப்போம். அர்விந்த் சாமி முழிக்கறத பாத்து அம்மா என் காதுல, "பாரு, நம்ம கோயில்ல நிக்கற மாதிரியே நிக்குது அந்தப் புள்ள"ன்னாங்க. இதுக்கு மேல ஒரு நடிகருக்கு என்ன விருது வேணும் சொல்லுங்க. அந்த வீடு எங்க தஞ்சாவூர்ல, நாங்க எங்க, ஆனா படம் பாத்துட்டு வந்த ராத்திரி எங்க வீட்டுல யாரும் தூங்கல, பழைய லயத்து ஆளுங்க பேர ஒவ்வொண்ணா சொல்லிக்கிட்டே இருந்தாங்க அம்மா.

லப்பர் பந்து தினேஷ் இன்னொரு மாதிரி. கபாலியில ரஜினி பக்கத்துல துடிப்பா ஜீவான்னு ஒரு பையன் வருவான்ல, அதே தினேஷ்தான், இங்க கல்யாண வயசுல பொண்ண வெச்சிருக்கற அப்பா, கேரக்டர் பேரு கெத்து. வேல வெட்டிய விட்டுட்டு கிரிக்கெட் ஆடப் போறாருன்னு பொண்டாட்டிகிட்ட திட்டு வாங்கற மனுஷன். எங்க பக்கம் கிரிக்கெட் கம்மி, காப்பந்துதான், அதான் கால்பந்து, ஞாயித்துக்கெழமை தோட்டத்துக்கு தோட்டம் போட்டி நடக்கும், முட்டி போயி நாப்பது வயசு தாண்டியும் பூட்ஸ மாட்டிக்கிட்டு எறங்கற மாமாங்கள நான் பாத்து வளந்தவ. ஆட்டத்துல ராஜா, வீட்டு வாசல்ல வந்தா தல குனிஞ்சுடும். தினேஷ் அத அப்படியே புடிச்சிருக்காரு, பேட்ட புடிச்சா நெஞ்சு நிமிந்துடுது, பின்னாடி விஜயகாந்த் பாட்டு, நீ பொட்டு வச்ச தங்க குடம் ஓடுது, பொண்டாட்டியா வர்ற ஸ்வாசிகா மொறச்சா அதே ஒடம்பு சுருங்கிப் போகுது. விஜயகாந்த் தவறி ஒரு வருஷம் கூட ஆகாத நேரம், பாட்டு வந்தப்ப தியேட்டர்ல அண்ணனுங்கல்லாம் எந்திரிச்சு நின்னுட்டாங்க. ஹரிஷ் கல்யாணும் நல்லாத்தான் பண்ணியிருந்தாரு. ஆனா ஸ்வாசிகா! வயசுக்கு மீறுன அம்மா வேஷம், கொஞ்சமும் யோசிக்காம எறங்கி பண்ணியிருக்காங்க, இவங்களும் மாமியாரா வர்ற கீதா கைலாசமும் சேர்ந்து வர்ற காட்சிதான் எனக்கு மேட்சையெல்லாம் விட பெருசு.

பொம்பளைங்க நடிப்ப பேசறப்ப அமரன் சாய் பல்லவிய விட முடியாது. சண்டையில உயிர விட்ட மேஜர் முகுந்த் வரதராஜன் கதை, சாய் பல்லவி அவரு மனைவி, முடிவு என்னன்னு எல்லாருக்கும் தெரியும், தெரிஞ்சும் ஃபோன் அடிக்கறப்பல்லாம் அந்தப் பொண்ணு மொகத்த பாத்து வயிறு பிசையுது. சிவகார்த்திகேயன் நல்லா வளந்துட்டாரு, ஆனா படத்த தோள்ல சுமந்தது சாய் பல்லவிதான்னு நான் அடிச்சு சொல்லுவேன். டூரிஸ்ட் ஃபேமிலியில சிம்ரன், சாதாரண பொடவையில சசிகுமாருக்கு பக்கத்துல நின்னு ஒரு குடும்பத்தையே நம்ப வெச்சுட்டாங்க, அந்த டைரக்டர் அபிஷன் ஜீவிந்துக்கு அது மொத படம்னு சொன்னா நம்பவே முடியல.

மகாராஜா விஜய் சேதுபதிக்கு 50வது படம். லட்சுமின்னு பேரு வெச்ச குப்பத்தொட்டிய காணோம்னு போலீஸ் ஸ்டேஷன்ல நிக்கறாரு, அடிக்கறாங்க, கேலி பண்றாங்க, மொகத்துல ஒரு அசைவு இல்ல. கடைசியில அது ஏன்னு தெரியறப்ப நெஞ்சு அடைக்குது. சிங்கம்புலி என்ன பண்றாருன்னு சொன்னா பாக்காதவங்களுக்கு படம் கெட்டுடும், விட்டுடறேன்.

சரி பெரிய ஹீரோங்க. நான் ரஜினி பைத்தியம், அதுல மாத்தமே இல்ல. கூலி வந்தப்ப அவருக்கு 74 வயசு, சினிமாவுக்கு வந்து 50 வருஷம், நடந்து வந்தா இன்னும் கண்ண எடுக்க முடியல. ஆனா லோகேஷ் கனகராஜ் அவர சுத்தி கூட்டத்த கூட்டிட்டாரு, நாகார்ஜுனா, உபேந்திரா, ஆமிர் கான்னு ஒவ்வொருத்தருக்கும் ஒரு பில்டப், நடுவுல ரஜினி ஒக்காந்து நடிக்க எடமே இல்ல. மிஸ்டர் பாரத்ல 1986ல மோதுன ரஜினியும் சத்யராஜும் திரும்ப வராங்கன்னு எவ்ளோ ஆசையா போனேன், ரெண்டு பேரும் உக்காந்து பேசற மாதிரி நல்லதா நாலு காட்சி வெச்சிருக்கக் கூடாதா. அந்தப் படத்துல என்னை அசத்துனது சௌபின் ஷாஹிரும் ரச்சிதா ராமும்தான், இடைவேளைக்கு அப்பறம் படம் அவங்க கைக்கு போயிடுச்சு.

சூர்யாவ நெனச்சாதான் மனசு கஷ்டமா இருக்கு. ஜெய் பீம்ல கோர்ட்டுல அமைதியா நின்னு நம்மள அழ வெச்ச மனுஷன், கங்குவாவுல கத்திக்கிட்டே இருக்காரு, படமே கத்துது, சத்தத்த கொஞ்சம் குறைச்சு வைங்கன்னு தயாரிப்பாளரே தியேட்டருக்கு சொல்ற அளவுக்கு போச்சு. உழைப்பு கண்ணுக்கு தெரியுது, நடிப்பு தெரிய விடல. அவருக்கு யாராச்சும் ஒரு சின்ன கதையா, மூணு நாலு பேரு மட்டும் இருக்கற மாதிரி எழுதி குடுக்கணும். விஜய்க்கு கோட் படத்துல அந்த ஜீவன் வேஷம் எனக்கு புடிச்சுது, வில்லத்தனத்த ரசிச்சு ரசிச்சு பண்ணாரு, இத்தன வருஷமா அந்தப் பக்கத்த ஏன் ஒளிச்சு வெச்சாருன்னு இருந்துச்சு. 2025 டிசம்பர்ல புக்கிட் ஜாலில் அரங்கத்துல ஜனநாயகன் பாட்டு வெளியீடு நடந்தப்ப எங்க ஊர் பசங்களும் கெளம்பி போனாங்க, கடைசி படம்னு சொல்லிட்டாரேன்னு அழுதுட்டு வந்தாங்க.

இன்னொண்ணும் சொல்லணும். தமிழ்நாட்டு படத்துல மலேசியான்னா இரட்டை கோபுரமும் கேங்கும்தான். 2007ல வந்த பில்லாவுல கோலாலம்பூர் பளபளன்னு இருக்கும், அங்க தமிழ் பேசற தோட்டத்து சனம்னு யாரும் கண்ணுல பட மாட்டாங்க. கபாலியில டைரக்டர் பா.ரஞ்சித்தான் தோட்டத்து ஆளுங்களுக்கு ஒரு வரலாறு இருக்குன்னு காட்டுனாரு, அதுக்கு அவருக்கு நன்றி. இங்க ஓடுன பிரதியில கடைசியா கபாலி போலீஸ்ல சரணடைஞ்சதா ஒரு வரி போட்டு முடிச்சாங்க, அது வேற கத. ஆனா எங்க பேச்சு, எங்க நட, எங்க கோவம் எல்லாம் அச்சு அசலா இருந்தது சஞ்சய் குமார் பெருமாள் எடுத்த ஜகாட்லதான், 2015 படம். தோட்டத்த விட்டு வெளிய வந்த குடும்பம், 90களோட ஆரம்பம், அப்போய்னு ஒரு பையன். அப்பாவா வர்ற குபேன் மகாதேவன் பையன அடிச்சு படிக்க வெக்கறாரே, அந்த அடியில இருக்கற பயம் இருக்கு பாருங்க, நம்ம புள்ளையும் இப்படியே போயிடுவானோன்னு, அத நான் எந்த பெரிய ஸ்டார்கிட்டயும் இன்னும் பாக்கல. 2016ல மலேசியத் திரைப்பட விழாவுல சிறந்த மலேசியப் படம்னு விருது வாங்குச்சு. சமீபத்து படம்னு கேட்டீங்க, இது பழசுதான், இருந்தாலும் நடிப்புன்னு பேச்சு வந்தா நான் இத சொல்லாம விட மாட்டேன்.

மலேசியாவுல இருக்கறவங்களா இருந்தா ஒண்ணு கேட்டுக்கறேன், உள்ளூர் தமிழ்ப் படம் தியேட்டருக்கு வந்தா மொத வாரமே போயிடுங்க. நல்லாருக்குன்னு யாராச்சும் சொல்லட்டும்னு காத்திருந்தா ரெண்டாவது வாரம் காலையில 11 மணிக்கு ஒரே ஒரு ஷோதான் இருக்கும், வேலைக்கு போறவங்க யாரு அந்நேரத்துக்கு போக முடியும்.