இணையத்தில் வாங்கிய டைமிங் பெல்ட் அறுந்தது: வழக்கா, சமரசமா?

கேள்வி: என் காருக்கு டைமிங் பெல்ட்டை (இன்ஜின் வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூடவைக்கும் பல்பட்டை) இணைய விற்பனைத் தளம் ஒன்றில் வாங்கினேன். கார் நிறுவனத்தின் அசல் பாகம் என்று விளம்பரத்தில் இருந்தது. வழக்கமாக என் வண்டியைப் பார்க்கும் மெக்கானிக் அதை மாட்டிக்கொடுத்தார், பில் வாங்கவில்லை. ஏழு மாதத்தில் ஓடும்போதே பெல்ட் அறுந்து வால்வுகள் வளைந்துவிட்டன. சர்வீஸ் சென்டரில் இன்ஜினைப் பிரித்துச் சரிசெய்து கொடுத்தார்கள். பெல்ட் போலி என்று வாய்மொழியாகச் சொன்னார்கள். தளத்தின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் என்னை அலைக்கழித்து அவமதித்தார்கள். திருப்பி அனுப்பும் காலம் முடிந்துவிட்டது என்றார்கள். இப்போது விற்பனையாளர், பெல்ட்டின் விலையையும் இன்ஜின் செலவில் மூன்றில் ஒரு பங்கையும் தருவதாகவும், அறுந்த பெல்ட்டை அனுப்பிவைக்க வேண்டும் என்றும் சொல்கிறார். மறுத்துவிட்டு, முழுச் செலவுக்கும் மன உளைச்சலுக்கும் சேர்த்து வழக்குப் போடலாமா?

பதில்: வாடிக்கையாளர் சேவைப் பிரிவினர் பேசிய விதம் குறித்து நீங்கள் நீளமாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் உங்கள் வழக்கை அது ஓர் அங்குலமும் நகர்த்தாது. திருப்பி அனுப்பும் காலம் முடிந்தது என்ற பதிலையும் விட்டுவிடுங்கள். குறைபாடுள்ள அல்லது போலியான பொருளைத் திரும்பப் பெறவோ பணத்தைத் திருப்பித் தரவோ மறுக்கும் உரிமை விற்பனையாளருக்கு இல்லை என்று 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிகம்) விதிகள் தெளிவாகச் சொல்கின்றன. பெல்ட்டின் விலை உங்களுக்குக் கிடைக்கும். அதைப் பற்றிய கவலை வேண்டாம்.

உங்களுக்குப் பெரும் பணம் போனது இன்ஜினில். அதற்கு நுகர்வோர் ஆணையம் கேட்கப்போவது ஒன்றே ஒன்றுதான்: அறுந்துபோன பெல்ட் இந்த விற்பனையாளர் அனுப்பிய அதே பெல்ட்தானா, அது தன் குறைபாட்டினால்தான் அறுந்ததா? பெல்ட் போலி என்று நிரூபித்தாலும் இந்தக் கேள்வி தீராது. போலிப் பொருளை அசல் என்று விற்றது நேர்மையற்ற வணிக நடைமுறை. அதற்கு இழப்பீடு உண்டு. ஆனால் இன்ஜின் பழுதானது அந்தப் போலித்தனத்தினால்தான் என்பதைத் தனியே நிறுவியாக வேண்டும், ஏனெனில் பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் சரியாக இறுக்கப்படாவிட்டாலும், ஆயில் கசிந்து பெல்ட்டின் மேல் பட்டாலும், பழைய வாட்டர் பம்ப் இறுகிப்போனாலும் அசல் பெல்ட்டும் அறுந்துவிடும். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் எடுத்துவைக்கப்போவது இதைத்தான். நிரூபிக்கும் பொறுப்பு முறையீட்டாளருடையது என்று 2021-இல் எஸ்.ஜி.எஸ். இந்தியா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது சேவைக் குறைபாடு பற்றியது என்றாலும், பொருட்குறைபாட்டிலும் உங்களிடம் அதையேதான் எதிர்பார்ப்பார்கள்.

இந்த இடத்தில்தான் என்னிடம் வருபவர்களில் பலர் சறுக்குகிறார்கள். நியாயம் தங்கள் பக்கம் இருக்கும். பொருள் கையில் இருக்காது. விற்பனையாளர் கேட்டவுடன் பார்சல் செய்து அனுப்பிவிடுவார்கள், அல்லது மெக்கானிக்கின் பட்டறையில் பழைய இரும்போடு அது போய்விட்டிருக்கும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 38-ஆவது பிரிவின்படி, பொருளின் குறையைப் பரிசோதனை இன்றித் தீர்மானிக்க முடியாத நிலையில், ஆணையம் மாதிரியைப் பெற்று முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பும். அனுப்புவதற்குப் பொருளே இல்லாவிட்டால், சர்வீஸ் சென்டர் ஊழியர் வாய்மொழியாகச் சொன்னதை வைத்துக்கொண்டு யாரும் உங்களுக்குத் தீர்ப்பு எழுத மாட்டார்கள்.

அறுந்த பெல்ட் உங்களுக்காகப் பேசக்கூடிய சாட்சி. அதன் முதுகில் அச்சிட்ட பார்ட் நம்பரும் தயாரிப்புக் குறியீடும் இருக்கும்; விற்பனையாளரின் பில்லிலும், நீங்கள் வைத்திருந்தால் அட்டைப் பெட்டியிலும் உள்ள எண்ணோடு அவை பொருந்துகின்றனவா என்று இன்றே பாருங்கள். பற்கள் வரிசையாகப் பிய்ந்து போயிருக்கின்றனவா, உள்ளே உள்ள நார் ஓரிடத்தில் வெட்டுப்பட்டதுபோல் அறுந்திருக்கிறதா, விளிம்பு ஒருபக்கமாகத் தேய்ந்திருக்கிறதா, ஆயில் ஊறி வீங்கியிருக்கிறதா என்பதைப் பார்த்து, காரணம் பெல்ட்டிலா, மாட்டியதிலா, அல்லது வேறு கசிவிலா என்று அனுபவமுள்ள ஆட்டோமொபைல் பொறியாளர் பெரும்பாலும் சொல்லிவிடுவார். அதைத் துடைக்காதீர்கள், கழுவாதீர்கள்; கிடைத்த நிலையிலேயே படம் எடுத்து, உறையிலிட்டு, தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டு வையுங்கள்.

இன்ஜின் விஷயத்தில் நீங்கள் ஏற்கெனவே ஓரளவு இழந்துவிட்டீர்கள். விற்பனையாளருக்கு எழுத்துமூலம் அறிவித்து, நீங்களே வந்து பாருங்கள் என்று அழைப்பதற்கு முன்பே வண்டியைச் சரிசெய்துவிட்டீர்கள். வளைந்த வால்வுகள் எங்கே, பழைய டென்ஷனர் எங்கே என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரியும் இல்லை. சர்வீஸ் சென்டரின் ஜாப் கார்டில் (செய்த வேலையைப் பதியும் தாளில்) பெல்ட் அறுந்ததற்கான காரணம் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எழுத்தில் தரக் கேளுங்கள். தர மறுப்பார்கள் என்றே எதிர்பாருங்கள், சாட்சியாக ஆணையத்துக்கு வந்து நிற்க அவர்களுக்கு விருப்பம் இருக்காது.

உங்கள் மெக்கானிக்கைப் பற்றியும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். எந்தத் தேதியில், எத்தனையாவது கிலோமீட்டரில் இந்தப் பெல்ட்டை மாட்டினார் என்பதற்கு பில் இல்லாத நிலையில் அவருடைய பிரமாண வாக்குமூலம் மட்டுமே ஆதாரம். அதே நேரத்தில், தவறு மாட்டியதில்தான் என்று எதிர்த்தரப்பு கைநீட்டப்போவதும் அவரை நோக்கித்தான். சட்டத்தின் 85-ஆவது பிரிவின்படி பழுதுபார்த்தவரும் பொறுப்பாக்கப்படலாம். இன்று உங்களுக்காகச் சொல்வதாக உறுதியளிப்பவர், தன் பெயரும் வழக்கில் இழுக்கப்படுகிறது என்று தெரிந்த நாளில் பின்வாங்குவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஆகவே என் கருத்து: பேசி முடித்துக்கொள்ளுங்கள். மூன்றில் ஒரு பங்கு என்பது தொடக்கப் பேச்சு. பார்ட் நம்பர் பொருந்துகிறது என்றால், பொறியாளரின் அறிக்கையையும் சேர்த்து வக்கீல் நோட்டீஸ் அனுப்பிப் பாதியைக் கேளுங்கள். பாதிக்கு அருகில் வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். மன உளைச்சலுக்கென்று ஆணையங்கள் தரும் தொகை பெரும்பாலும் நீங்கள் மனத்தில் வைத்திருப்பதைவிட மிகக் குறைவு. அதற்காக ஆண்டுக்கணக்கில் வாய்தாவுக்கு அலைய வேண்டியதில்லை. பார்ட் நம்பர் பொருந்தவில்லை என்றால், கிடைப்பதை இன்றே ஏற்றுக்கொள்ளுங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. பணம் உங்கள் கணக்குக்கு வரும் முன் பெல்ட் உங்கள் கையைவிட்டுப் போகக் கூடாது. அவர்கள் பார்க்க விரும்பினால் நேரில் வந்து பார்க்கட்டும். அடுத்து, செயலியில் பணத்தைத் திரும்பப் பெறுவதற்கான பொத்தானை அழுத்தும் முன் அதன் கீழே சிறிய எழுத்தில் உள்ளதைப் படியுங்கள். "முழுமையான, இறுதியான தீர்வாக" என்ற பொருளில் ஒரு வரி இருந்து, பெல்ட்டின் விலையை மட்டும் நீங்கள் அதன்கீழ் பெற்றுக்கொண்டால், இன்ஜினுக்காகப் பின்னர் போடும் வழக்கில் அந்த ஒரு வரியே உங்களுக்கு எதிரான முதல் சான்றாவணமாகும். ஒப்புக்கொண்ட மொத்தத் தொகையையும், அது எதற்கெல்லாம் என்பதையும் மின்னஞ்சலில் எழுதி வாங்கியபிறகே ஏற்பு தெரிவியுங்கள்.

பேச்சு முறிந்தால், விற்பனையாளர், தளம், பெட்டியில் பெயருள்ள தயாரிப்பாளர் மூவரையும் எதிர்த்தரப்பினராகச் சேர்த்து, நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே முறையீடு செய்யலாம். தளத்தை மட்டும் சேர்த்தால், தான் வெறும் இடைத்தரகர் என்று சொல்லி ஒதுங்கிக்கொள்ளும். காலவரையறை இரண்டு ஆண்டுகள். பெல்ட் அறுந்த நாளிலிருந்தே கணக்கிட்டுக்கொள்வது பாதுகாப்பு, சமரசப் பேச்சு நடந்துகொண்டிருந்தது என்பதற்காக அந்தக் காலம் நின்றுவிடாது.