வில்லை எங்கே திருப்புவது?

கேள்வி: மகள் வயலின் கற்கிறாள். மூன்றாம் கால வேகம் வந்தாலே கீச்சென்கிறது. யூடியூபில் டெட்டாஷே, லெகாட்டோ என்று என்னென்னவோ சொல்கிறார்கள். கர்நாடக சங்கீதம் கற்பவளுக்கு இதெல்லாம் வேண்டுமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: பெயர்தான் புதுசு, பாதியை அவள் ஏற்கெனவே வாசிக்கிறாள். ஆரம்பப் பயிற்சியான சரளி வரிசையை முதல் காலத்தில் ஒரு ஸ்வரத்துக்கு ஒரு வில், நடுவில் ஒலி அறாமல் போடுகிறாளே, அது டெட்டாஷே. அடுத்த காலங்களில் ஒரே வில்லில் இரண்டு, நான்கு ஸ்வரங்களைச் சேர்த்து இழுத்தால் லெகாட்டோ. வில்லைக் கம்பியிலேயே நிறுத்தி நிறுத்தி வாசித்தால் ஸ்டக்காட்டோ, துள்ளவிட்டால் ஸ்பிக்காட்டோ. துள்ளல் வில்லுக்கு நம் கச்சேரியில் வேலை குறைவு, இப்போதைக்கு விட்டுவிடலாம்.

முக்கியமானது வேறு. மேற்கத்திய இசையில் வில் திரும்பும் இடத்தைத் தாளிலேயே குறித்திருப்பார்கள். நமக்கு அதைச் சொல்வது சாகித்யம், அதாவது பாட்டின் சொற்கள். சொல்லின் நடுவில் வில்லைத் திருப்பினால் சொல் உடைந்துபோகும், அதனால் எந்த வரியையும் முதலில் வாய்விட்டுப் பாடிவிட்டு அப்புறம் வில்லை எடுக்கச் சொல்லுங்கள். லால்குடி ஜெயராமனின் கீர்த்தனைப் பதிவு ஒன்றைப் போட்டுக் காட்டுங்கள், பாட்டு தெரிந்தவர்களுக்கு வார்த்தையே காதில் விழும்! பகுள பஞ்சமியன்று தியாகராஜர் ஆராதனைக்குத் திருவையாறு போனால், பஞ்சரத்ன கீர்த்தனை பாடும் கோஷ்டியில் வயலின்காரர்களின் வலது மணிக்கட்டை மட்டும் கொஞ்ச நேரம் அவள் பார்க்கட்டும். இந்த வாத்தியத்தை நம் சங்கீதத்துக்குக் கொண்டுவந்தவர்களில் முன்னோடி, திருவாரூர் முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர்தான். நம் ஊர்ப் பிள்ளைகள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சரி, கீச்சுக்கு வருவோம். வேகம் கூடும்போது பதற்றத்தில் வில் குதிரைப் (கம்பிகளைத் தாங்கும் மரத்துண்டு) பக்கம் நழுவும், கோணலாகும், அழுத்தமும் கூடும். கண்ணாடி முன் உட்கார்ந்து, வில் குதிரைக்கு இணையாக, குதிரைக்கும் விரல்பலகைக்கும் நடுவில் ஓடுகிறதா என்று பார்த்து வாசிக்கட்டும். மூன்றாம் காலத்துக்கு முழு வில் வேண்டாம். வில்லின் நடுப்பகுதியில் கொஞ்சம் போதும், தோளை விட்டுவிட்டு மணிக்கட்டால்.

கேள்வி: ஐப்பசி மழையில் வில்முடி தொளதொளவென்று ஆகிவிடுகிறது. ரோசின் (வில்முடிக்குப் பூசும் பிசின்) அதிகம் பூசலாமா?
– வாசகர், மயிலாடுதுறை

பதில்: கூடவே கூடாது. ஈரக்காற்றில் குதிரைமுடி நீளும், தொய்வு அதனால்தான். ரோசினைக் கூட்டினால் மாவு மாதிரி கம்பியில் படிந்து கரகரக்கும், தொய்வு அப்படியே இருக்கும். வில்லின் அடித்திருகைக் கொஞ்சம் முறுக்கி வாசியுங்கள், முடித்ததும் மறக்காமல் தளர்த்துங்கள். தளர்த்தாமல் வைத்தால், வெயில் அடித்து முடி சுருங்கும்போது வில்லின் குச்சி வளைந்துவிடும். முடியை விரலால் தொட்டுப் பார்க்காதீர்கள். எண்ணெய்ப் பிசுக்கு பட்ட இடத்தில் வில் வழுக்கும்.