உங்கள் கதையின் சிஸ்டருக்கு உயிர் வர

சகோ, உங்கள் வெப் சீரிஸ் கதையில் வரும் சிஸ்டர் தட்டை ஏந்திக்கொண்டு "எஸ் டாக்டர்" என்பதோடு நின்றுவிடுகிறார் என்று வருந்தியிருந்தீர்கள். 'ஈஆர்' என்ற அமெரிக்க மருத்துவமனைத் தொடரில் வரும் நர்ஸ் கேரல் ஹாத்தவேயைப் பாருங்கள். 1994இல் முதல் அத்தியாயத்தோடு செத்துப்போக வேண்டிய பாத்திரம். ஜூலியானா மார்குலீஸ் நடிப்பு பிடித்துப்போய் உயிரோடு வைத்தார்கள். 1995இல் அவருக்கு எம்மி விருது. கேரலுக்கு அவளுடைய கோபமும் முடிவுகளும் உண்டு, அதுதான் விஷயம்.

அப்புறம், என் அக்கா சென்னையில் ஸ்டாஃப் நர்ஸ். வென்ஃபிளான் (டிரிப் ஏற்ற நரம்பில் போடும் ஊசிக்குழாய்) போடும் முன்பே பிளாஸ்டரைத் துண்டு துண்டாகக் கிழித்து டிரிப் ஸ்டாண்டில் ஒட்டிவைத்துக்கொள்வார். நைட் டியூட்டி முடிந்து வீட்டுக்கு வந்தால் பெட் நம்பர் சொல்லமாட்டார், "அந்த வியாசர்பாடித் தாத்தா ராத்திரி முழுக்கத் தூங்கவே இல்லடா" என்பார். உங்கள் சிஸ்டருக்கும் இப்படி இரண்டு பழக்கம் கொடுங்கள். முதல் காட்சியிலேயே, டாக்டர் வருவதற்குள் அவரை ஒரு முடிவு எடுக்க விடுங்கள்.